இடைவேளைக்குப் பின் நடந்தவை

நாடக அரங்குகளில் இடைவேளையின்போது தரும் காபி எனக்கு ஒத்துக்கொள்ளாது. குடித்தால் நெஞ்சு எரியும், குடிக்காவிட்டால் தலை வலிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தச் சோபாவில் உட்காருங்கள். எதிரே மூடியிருக்கிறதே, அது அக்காவின் அறை. அந்தத் தட்டும் சத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டில் அலமாரி மாட்டுகிறார்கள்.

ஒரே பத்திரிகையில், ஒரே மாடியில், பத்தொன்பது வருடங்களாக இருக்கிறோம். நீங்கள் திருத்தங்கள் பகுதியைப் பார்க்கிறீர்கள், நான் வியாழக்கிழமைதோறும் நாடக விமரிசனம் எழுதுகிறேன். இருந்தும் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இரண்டாம் பக்கத்தின் அடியில், தவறாக அச்சானதற்காக நீங்கள் போடும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் விளையாட்டு நிருபர் வாரம் தவறாமல் வந்துபோவார். வானிலை எழுதுபவர் அங்கேயே குடியேறிவிட்டார். சமையல் குறிப்பு எழுதும் அம்மாள்கூட ஒரு முறை ஒரு சிட்டிகை உப்பை ஒரு கப் உப்பு என்று எழுதி உள்ளே போனார். நான் ஒரு முறைகூட இல்லை. ஒரு மனிதனுக்குச் சொத்து சுகம் இல்லாமல் இருக்கலாம். இப்படி ஏதாவது ஒன்று இருக்கவேண்டும்.

உங்கள் மடியில் இருப்பது என் அக்கா எழுதிய கடிதம். பதினொரு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருக்குமே. அதில் இருப்பது எல்லாம் உண்மை. நான் ஒரு வரியையும் மறுக்கப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான் இல்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்கு முதல் காட்சி. ஆறேகாலுக்கு இடைவேளை. அச்சுக்குப் பக்கம் மூடுவது ஏழரைக்கு. நாடகம் முடிய எப்படியும் ஏழேமுக்கால் ஆகிவிடும். எனக்கு முன்னால் இந்தப் பகுதியை எழுதியவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் முதல் வாரமே இடைவேளையில் கிளம்பி, அலுவலகத்துக்கு வந்து, நல்ல காபியாக ஒன்று குடித்துவிட்டு முழு நாடகத்துக்கும் விமரிசனம் எழுதினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார்கள். நான் அரைப் பானையைப் பார்த்துவிட்டு அல்லவா எழுதினேன்.

இரண்டாம் பாதியை ஊகிப்பது பெரிய வித்தை இல்லை. முதல் பாதியில் ஒருவர் இருமினால் இரண்டாம் பாதியில் அவர் இல்லை. கடிதம் ஒன்று மேசைமேல் கிடந்தால் அதை யாரோ உரக்கப் படிப்பார்கள். பாட்டு நாடகம் என்றால் இன்னும் சுலபம், முன்பாதியில் தனித்தனியாகப் பாடிய இருவர் பின்பாதியில் சேர்ந்து பாடுவார்கள். பதின்மூன்று வருடங்கள் ஓர் ஊகம்கூடத் தப்பவில்லை. நாடகக்காரர்கள் எனக்கு "மூணாம் வரிசை" என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் ஓர இருக்கை என்னுடையது. சட்டென்று எழுந்து போகத் தோதான இடம். அவசரமாக எழுதப் போகிறார் என்று மரியாதையோடு வழிவிடுவார்கள்.

எனக்கு இரண்டு டிக்கெட் தருவார்கள். இரண்டாவதில் அக்கா வருவாள். அவள் கடைசிவரை இருப்பாள், ஓசியில் வந்ததைப் பாதியில் விடுவது அவள் கொள்கைக்கு ஒவ்வாது. அவள் வீட்டிலேயே சன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். அந்த அறைதான் அவள் தையல் கூடம். காற்று வேண்டும் என்று சன்னல் கம்பியையெல்லாம் கழற்றவைத்தவள் அவள். அதன் வழியாக ஊர்ப் பூனையெல்லாம் வரும்.

முதல் தவறு டயர் கடைக்கு மேல் இருக்கிற சின்ன அரங்கில் நடந்தது. அறுபது நாற்காலி. உருக்கமான கட்டத்தில் கீழேயிருந்து காற்றடிக்கும் சத்தம் கேட்கும். அப்பா விட்டுப்போன முடிதிருத்தும் கடைக்காக அண்ணனும் தம்பியும் சண்டை போடும் நாடகம். முதல் பாதியில் அண்ணன் சுவர்க் கண்ணாடியை மூன்று முறை முறைத்தான். மூன்று முறை முறைத்தவன் நான்காவது முறை உடைப்பான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியே எழுதினேன்.

வியாழன் காலை அக்கா வாயில் நூலைக் கடித்துக்கொண்டு பத்திரிகையைப் படித்தாள்.

"டேய், அந்தக் கண்ணாடி உடையவே இல்லடா."

"எந்தக் கண்ணாடி?"

"நேத்து நாடகத்துல. சில்லு சில்லா நொறுங்குச்சு, கூடவே என் நெஞ்சும்னு எழுதியிருக்கியே. அவன் எங்க ஒடச்சான்? தம்பிய நாற்காலியில உக்காரவெச்சு முடி வெட்டி விடறான். அவ்வளவுதான். விளக்க அணைச்சுட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

நாடகம் இன்னும் ஒன்பது நாள் நடக்கும். அன்று மாலையே என் வாசகர் யாராவது போவார், கண்ணாடி முழுசாக இருப்பதைப் பார்ப்பார், உங்களுக்குப் போன் செய்வார். சனிக்கிழமை அந்தக் கட்டத்துக்குள் நானும் வானிலைக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம்.

மதியம் இரண்டு மணிக்கு அந்த அரங்குக்குப் போனேன். மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் சாப்பிட்டுவிட்டுப் பின்திரைக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியின் ஆணியை முக்கால்வாசி வெளியே இழுத்துவிட்டு வந்தேன். அன்று மாலை அண்ணன் வழக்கம்போல இழுப்பறையை ஓங்கிச் சாத்தினான், கண்ணாடி விழுந்தது, சில்லு சில்லாக நொறுங்கியது. கூட்டம் கைதட்டி ஓய இரண்டு நிமிடம் ஆனதாம். மறுநாளிலிருந்து இயக்குநரே தினம் ஒரு கண்ணாடி வாங்கி உடைத்தார். தம்பியாக நடித்தவரின் காதில் இரண்டு தையல் போட்டார்கள். எந்தக் காது என்று இப்போது பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்கவேண்டும். நான் எழுதியது தவறாக இருந்தது ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் சரியாக இருந்தது. நீங்கள் பத்திரிகையைத் திருத்துகிறீர்கள், நான் நாடகத்தைத் திருத்தினேன். இரண்டும் ஒரே தொழில்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஊகிப்பதில் கொஞ்சம் தாராளம் வந்துவிட்டது. பெரிய அரங்கில், ஆயிரத்து இருநூறு இருக்கை, படியெல்லாம் சிவப்புக் கம்பளம், ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். கதாநாயகி கடைசிப் பாட்டைத் துக்கத்தில் கம்மிய குரலில் பாடியது என்னை உலுக்கியது என்று எழுதினேன். அக்கா வந்து, வெண்கல மணி மாதிரி பாடினாள் என்றாள். ரசிகர் ஒருவர் அனுப்பியதாக நான் தினமும் மதியம் ஒரு பெரிய கூஜாவில் ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு அனுப்பினேன். மரியாதை தெரிந்த பெண், மிச்சம் வைக்காமல் குடித்தாள். மூன்றாம் நாள் கம்மியது. ஐந்தாம் நாள் குரலே இல்லை. அது நான் எழுதியதைவிடச் சற்று அதிகம், ஒப்புக்கொள்கிறேன். இப்போது அவள் இருமல் மருந்து விளம்பரத்தில் இருமுகிறாள். வேலை நிரந்தரம் என்று கேள்வி.

வெங்காய விஷயமும் கடிதத்தில் இருக்கும். ஓர் அப்பா பிள்ளை நாடகத்தைப் பற்றி, அரங்கில் ஈரமாகாத கண் இல்லை என்று எழுதிவிட்டேன். ஆனால் அக்கா பார்த்தபோது எல்லோரும் கொட்டாவிதான் விட்டார்களாம். எட்டுக் கிலோ வாங்கினேன். நறுக்கியது அக்காதான், அதை அவள் எழுதியிருக்கிறாளா என்று தெரியவில்லை. ஒருமுறை கேட்டாள்.

"இவ்வளவு வெங்காயம் எதுக்குடா? யாருக்கு விருந்து?"

"தொழில் விஷயம்க்கா."

"உன் தொழில் என்ன தொழிலோ, போ."

நான்கு மின்விசிறிகளுக்குப் பின்னால் நான்கு வாளி. நல்ல வேளையாக அரங்கத்தில் வேறு காற்று வழி இல்லை. அப்பாவாக நடித்தவர் அழுதுகொண்டே வசனத்தை மறந்து பிள்ளையின் வசனத்தைப் பேசினார், பிள்ளை அப்பாவின் வசனத்தைப் பேசினான். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை யாருக்கும் பெரிதாக ஒன்றும் நஷ்டம் இல்லை. அக்கா உங்களுக்கு எழுதியதும் இதற்காக இல்லை. எழுதியது பெட்டிக்காக.

பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து பெயர் எழுதும் பெண்மணி ஒருத்தி, நோயாளிகள் பல்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, ஏழு வருடத்தில் ஒரு நாடகத்தை முடித்திருந்தாள். அதே டயர் கடை மாடியில்தான் போட்டார்கள். ஓர் அம்மா, ஒரு மகள், ஒரு வீடு. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது. அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்லி நிறுத்துகிறாள். முதல் பாதி முடியும்போது மகள் பெட்டியைக் கட்டிவிட்டாள். முன்பாதியில் கட்டிய பெட்டி பின்பாதியில் அவிழும். மகள் பெட்டியைக் கீழே வைக்கிறாள், அம்மா அணைத்துக்கொள்கிறாள், நெஞ்சு நிறைகிறது. ஏழு மணிக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்று அக்கா வீட்டுக்கு நடந்தே வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவ போயிட்டாடா."

"யாரு?"

"பொண்ணு. பெட்டிய எடுத்துக்கிட்டு, கதவத் திறந்து, போயே போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் மேடையில ஆளே இல்ல. திறந்த கதவு மட்டும்தான். யாரும் கைதட்டல. எனக்கு எழுந்திரிக்கவே தோணல." குனிந்து செருப்பைக் கழற்றினாள். "அந்த அம்மாகாரி பண்ணினதெல்லாம் எங்கயோ பார்த்த மாதிரியே இருந்துச்சு."

நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் மாலைக்குள் என்ன செய்யவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மதியம் மேடைக் கதவைப் பின்பக்கத்திலிருந்து ஆணி அடித்துச் சாத்தினேன். மகள் இழுத்தாள், கதவு வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள், சுவரே ஆடியது. போக வழியில்லாமல் பெட்டியைக் கீழே வைத்தாள். அம்மாவாக நடித்தவர் அனுபவசாலி, சமாளிப்பதற்காக ஓடிவந்து அணைத்துக்கொண்டார். வரிக்கு வரி நான் எழுதியது. வெள்ளிக்கிழமை நாடகம் எழுதிய பெண்மணி ஆணிகளைப் பிடுங்கிவிட்டாள், நான் கதவுக்குப் பின்னால் ஒரு பீரோவை நகர்த்தினேன். சனிக்கிழமை கதவையே கழற்றிவிட்டாள். அன்று கொஞ்சம் சிரமப்பட்டேன், பெட்டிக்குள் இரண்டு எடைக்கற்களை வைக்கவேண்டியிருந்தது. மகளால் அதைத் தூக்க முடியவில்லை. வாசல் திறந்து கிடக்க, பெட்டியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நடிகைக்குப் பெட்டியோடு போகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். குடும்பத்தோடு பார்க்கலாம், வழக்கமான கதை என்று எழுதினார்கள். அந்தப் பெண்மணி கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுததாக அக்கா சொன்னாள். வெங்காயம் எதுவும் இல்லாமல். ஐந்தாம் நாளோடு நாடகம் நின்றுவிட்டது. போன வாரம் பல் வலிக்கு அவளுடைய மருத்துவரிடம் போனேன். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள், உட்காரச் சொன்னாள். மேசையில் நோயாளிகளின் பதிவேடு மட்டும்தான் இருந்தது. வேறு நோட்டு எதுவும் இல்லை. எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பல் வலியாகவும் இருக்கலாம்.

இந்த ஐந்து நாளும் அக்கா தினம் போய்ப் பார்த்தாள், முதல் நாளைத் தவிர தன் காசில் டிக்கெட் வாங்கி. முதலிலெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எடைக்கற்களைத் தேடினாள். அவள் துணிக் கட்டுகள் நழுவாமல் மேலே வைக்கிற கற்கள் அவை. அப்போது புரிந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதினாள்.

கடிதத்தின் பதினோராம் பக்கத்தில் இன்னொரு விஷயமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அக்காவின் சிநேகிதி ஒருத்தி வேறோர் ஊரில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாள். கூட்டாகப் பார்ப்போம் வா என்று பன்னிரண்டு வருடத்தில் மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் நான்தான் எடுத்தேன். அக்காவுக்கு விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அக்காவிடம் கேட்கவில்லை. அவள் போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த முடிவைப் பற்றி ஓர் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எதற்குக் கேட்கவேண்டும்? நாலாவது முறை சிநேகிதி நேராக அரங்குக்கே வந்துவிட்டாள், அந்தப் பெட்டி நாடகத்தின் மூன்றாம் நாள், இடைவேளையில். நான் வழக்கம்போல அப்போது அங்கே இல்லை.

இன்று காலை அக்கா பெட்டியைக் கட்டினாள். நான் சமையலறையில் இருந்தேன்.

"சாயங்காலம் கிளம்பறேன்டா. பிரிட்ஜ்ல ரெண்டு நாளைக்கு எல்லாம் இருக்கு. அப்புறம் நீயே பார்த்துக்கோ."

"ஏன்க்கா, நான் உன்ன என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதத்தான் சொல்றேன். என்னய எதுவுமே பண்ண விடல."

நல்ல வசனம். ஆனால் முதல் பாதி வசனம். எனக்கு இதில் முப்பது வருட அனுபவம் இல்லாவிட்டாலும் பத்தொன்பது இருக்கிறது. மதியம் உட்கார்ந்து எழுதினேன். இந்த வாரத்து விமரிசனத்துக்குப் பதிலாக என் ஒப்புதல் வாக்குமூலம். ஒளிவு மறைவு எதுவும் இல்லை, கண்ணாடி, எலுமிச்சை, வெங்காயம், பீரோ, எல்லாம் இருக்கிறது. கடைசிப் பத்தியில் அக்கா அறையிலிருந்து வருகிறாள், பெட்டியைக் கீழே வைக்கிறாள், என் தலையில் கை வைக்கிறாள். திருத்தங்கள் பகுதியின் பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதில் திருத்த ஒன்றும் இல்லை என்கிறார். நீங்கள் ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள். நான் நான்கு மணிக்கே பக்கத்தை அனுப்பிவிட்டேன். இந்நேரம் பக்கத்தில் ஏற்றியிருப்பார்கள்.

இல்லை, பக்கத்து வீட்டில் யாரும் அலமாரி மாட்டவில்லை. தட்டிக்கொண்டிருந்தது அக்காதான். எழுந்திருக்காதீர்கள், தயவுசெய்து. ஒன்பது ஆணி அடித்திருக்கிறேன், கையால் வராது. ஆணி பிடுங்கும் குறடு டயர் கடை மாடி அரங்கிலேயே இருக்கிறது. அவளுக்கு உள்ளே ஒரு குறையும் இல்லை, தண்ணீர் வைத்திருக்கிறேன், பிஸ்கட் வைத்திருக்கிறேன். உங்களுக்கு முன்னால் மூடி வைத்திருக்கிற தட்டில் இருப்பது பிஸ்கட் இல்லை, நறுக்கிய வெங்காயம். கண் தானாகவே கலங்கினால் நல்லது. இல்லாவிட்டால் மூடியைத் திறக்கிறேன். அவசரம் இல்லை.

பாருங்கள், தட்டும் சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் வெங்காய விஷயத்துக்குச் சிரித்தீர்களே, அப்போதே நின்றுவிட்டது. யோசிக்கிறாள். மனம் மாறுகிற நேரத்தில் யாரும் சத்தம் போடமாட்டார்கள்.

சன்னலா? அறைக்குச் சன்னல் உண்டுதான். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக நான் பார்த்த வீடுகளிலெல்லாம் சன்னல் என்பது சுவரில் வரைந்தது. அதன் வழியாக யாரும் போய் நான் பார்த்ததில்லை. தெருவில் கேட்பது ஏதோ வாடகைக் கார். யார் வீட்டுக்கோ விருந்தாளி வந்திருப்பார்கள். ஆமாம், கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புகிறது. அப்படியென்றால் யாரோ வந்து இறங்கியிருக்கிறார்கள்.

கதவை உடைத்தாவது உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்கிறீர்கள். எதற்கு மேடம்? இரண்டாம் பாதியை நான் என்றைக்கும் பார்த்ததில்லை, ஒரு முறைகூட எனக்குத் திருத்தம் வந்ததில்லை.